துரைமார் கிளப்பில் இரண்டு பந்தி

காதர் நானா துரையாக உட்கார்ந்திருந்தார்.

கட்டம் போட்ட கைலி, பனியன், கழுத்தில் முடிச்சுப் போட்ட ஒரு சிவப்புத் துண்டு. துண்டுதான் டை. அவருடைய சாப்பாட்டுக் கடையின் மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கை தட்டினார்.

நான் தட்டை ஏந்திக்கொண்டு போய் நின்றேன். தட்டில் ஒரு கிளாஸ். கிளாஸில் பால் விடாத தேத்தண்ணியும் சோடாவும். அதுதான் விஸ்கி.

நானா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஐஸ் எங்கே?”

“ஐஸ் இல்லீங்க நானா.”

“நானா இல்ல, துரை.”

“ஐஸ் இல்லீங்க துரை.”

“ஐஸ் இல்லாத கிளப்புல நான் எதுக்கு மெம்பரா இருக்கணும்? மேனேஜரக் கூப்பிடு.”

மேனேஜர் ஆரோக்கியம் பக்கத்து மூட்டையின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். “நானா, காலையிலேருந்து கிளப்ப விட்டு விலகிக்கிட்டே இருக்கீங்க லா. துரைமாருங்க இவ்வளவு கோவிச்சுக்க மாட்டாங்க.”

“நீ கண்டியா? காசு குடுத்துச் சாப்பிடுறவன் எப்படிக் கோவிச்சுக்குவான்னு எனக்குத் தெரியும். இருபது வருசமா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது நான் கோவிச்சுக்கிறேனே.”

கீழே யாரோ ரொட்டி கேட்டார்கள். துரை கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு படியில் ஓடினார். ரொட்டி போட்டுக் கொடுத்துவிட்டு, மாவு ஒட்டிய கையோடு மேலே வந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று பேர் கழகம்

பெண்டாங் வயலில் அறுவடை முடிந்ததும் அங்கே நான் யாருக்கும் தேவைப்படவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். நெல் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு சுங்கை பட்டாணிக்கு வந்து சேர்ந்தேன். அவசர காலம்; காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், வெளியே வெள்ளைக்காரன் போலீஸ். ரோட்டில் நடக்கிறவனை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். என் அட்டையில் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தின் விலாசம் இருந்தது. அந்த லயத்தைப் பிரித்து, ஆட்களை முள்கம்பி வேலிக்குள் குடி வைத்துவிட்டார்கள். ஆக, என் விலாசத்தில் புல் முளைத்திருந்தது.

படிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் ஏதுமில்லை. ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன்.

ஆரோக்கியம் அப்படியில்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மகன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊருக்கு வெளியே இருந்த துரைமார் கிளப்பில் ஓர் உதவியாள் வேலை வரப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் அவன்தான். அங்கே ஆ ஹெங் என்ற ஹைனான் சீனர் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பிருந்தே தலைமைப் பரிசாரகராக இருந்தார். சமையல், சரக்கு, மேசை எல்லாம் அவர் கையில். காட்டுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள் என்பதால், சில துரைமாருக்கு அந்தச் சமயத்தில் எந்தச் சீனரைப் பார்த்தாலும் சந்தேகம். ஒரு தமிழ்ப் பையனை உதவியாளாக வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஆ ஹெங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு ஆ ஹெங்கின் காதுக்கும் போயிருந்தது.

“ஒரு வேலைக்கு ஊரே போய் நிக்கும். நாம முறையாப் பயிற்சி எடுத்துட்டுப் போகணும்” என்றான் ஆரோக்கியம்.

அப்படித்தான் கிளப் நிர்வாகப் பயிற்சி மாணவர் கழகம் பிறந்தது. ஆரோக்கியம் தலைவர். நான் துணைத் தலைவர். லாரி டிரைவர் மகன் வேலு பொருளாளர். வேலு கதவு மாதிரி இருப்பான். குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவனுக்கே எட்டாது. சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாததால் தீர்மானங்கள் சுலபமாக நிறைவேறின. தலைவர் எச்சில் தட்டு எடுக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் ஒரு வாரம் இழுபறி இருந்தது.

மாடியை நானா சும்மா கொடுத்தார். அதற்குப் பதிலாக மூவரும் முறை வைத்துக் கீழே மளிகைப் பக்கம் நின்று வியாபாரம் பார்க்க வேண்டும்.

டின்னும் ஆணியும்

மளிகை வியாபாரத்தில் அப்போது ஒரு புது வேலை சேர்ந்திருந்தது. டின்னில் அடைத்த சாமான் எதுவானாலும், விற்கும்போது கடைக்காரன் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் இரண்டு நாள் தாங்காது. காட்டுக்குள் கொண்டுபோய் யாரும் பதுக்கி வைக்க முடியாது. ஓட்டை போடாமல் கொடுத்தால் கடைக்கு சீல்.

முதல் டின்னைக் குத்தும்போது எனக்குக் கை வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் லயமே மரவள்ளிக்கிழங்கில் உயிர் வாழ்ந்தது. எங்கிருந்தோ ஒரு சார்டின் டின் வந்தது. எங்கள் வரிசையே சுற்றி உட்கார்ந்து, மீனை அல்ல, மீன் இருந்த எண்ணெயைக் கிழங்கில் தொட்டுச் சாப்பிட்டோம். காலி டின்னை வெகுநாள் வைத்திருந்து மோந்து பார்த்தோம். அப்படிப்பட்ட சாமானின் தலையில் ஆணியை வைத்து அடி என்றால் எப்படி?

ஆனால் கை பழகிவிடும். டொக் என்று ஒரு சத்தம், உஸ் என்று ஒரு மூச்சு, கட்டைவிரலில் பிசுபிசுவென்று கெட்டிப்பால். கொஞ்ச நாளில் பேசிக்கொண்டே குத்தப் பழகினோம். வேலு டின்னைப் பார்க்காமலே குத்துவான். ஓட்டை போடாத டின்னைக் கண்டால் எங்களுக்கு முதுகு அரிக்கும், பொத்தான் போடாத சட்டையைக் கண்ட மாதிரி.

கல்விச் சுற்றுலா

பயிற்சியில் பெரிய குறை, நாங்கள் ஒருவரும் கிளப்பைப் பார்த்ததில்லை. கத்தியும் முள்கரண்டியும் தட்டில் சேர்ந்து கிடந்தால் போதும் என்று அர்த்தம், உடனே தட்டை எடுக்க வேண்டும் என்று ஆரோக்கியம் எங்கேயோ கேட்டு வந்திருந்தான். நானா கையால் சாப்பிடுகிறவர். அவரிடம் எதைச் சேர்த்துப் பார்ப்பது?

“நேர்ல போய்ப் பார்க்கணும்” என்று தலைவர் முடிவு செய்தார்.

ஒரு சாயங்காலம் கிளப்பின் செம்பருத்தி வேலிக்கு வெளியே மூன்று பேரும் குந்தி உட்கார்ந்தோம். எறும்பு கடித்தது. வராந்தாவில் நான்கைந்து துரைமார். தொப்பி மாட்டும் ஆணிகளில் துப்பாக்கிகளும் தொங்கின. எங்களுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. எந்தத் துரை எங்கே உட்காருகிறார், எப்போது கை தட்டுகிறார், யார் முதலில் எழுந்து போகிறார் என்று பார்த்து, மறந்துவிடாமல் இருக்க வேலு மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதைத்தான் பின்னால் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கேட்டார்.

கிளப் வாசலுக்கே இழுத்துப் போனார்கள். மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“துரைமார் எப்போ வர்றாங்க போறாங்கன்னு எதுக்கு வேவு பார்த்தீங்க?”

“வேவு இல்லீங்க துவான். பாடம்” என்றான் ஆரோக்கியம்.

“என்ன பாடம்?”

“எப்படிக் குடிக்கிறாங்கன்னு.”

இன்ஸ்பெக்டர் வேலுவைப் பார்த்தார். வேலு ஏதோ சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்கு ஆஸ்பத்திரியில் அப்பா, வேலுவுக்கு லாரியில் அப்பா. அவர்களை விட்டுவிட்டார். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த லயம் இப்போ இல்லையே. எங்கே தங்குறே?”

“அரிசி மூட்டை மேல, துவான்.”

“வேலை?”

“துணைத் தலைவர்.”

அவர் சிரிக்கவில்லை. வேலையும் விலாசமும் இல்லாமல் சுற்றுகிறவனை அந்தக் காலத்தில் அப்படியே விட மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் இரண்டையும் காட்டாவிட்டால் உள்ளே வைத்து விசாரிப்பேன் என்றார். உள்ளே போனவர்கள் சிலர் எப்போது வெளியே வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு கிளப் செக்ரட்டரி துரை வெளியே வந்தார். வயசான தோட்டத் துரை. தமிழ் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஆளை விரட்டிக் கற்ற தமிழ். அதில் ‘தயவுசெய்து’ கிடையாது.

“என்னாடா, மூணு கழுதையும் என் வேலியில மேயிது?”

ஆரோக்கியம் கழகத்தைப் பற்றி இங்கிலீஷில் விளக்கினான். தேத்தண்ணி விஸ்கி வரை சொன்னான். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“புதன்கிழமை வாடா. மூணு பேரும் வேல செய்ங்க. ஒருத்தன எடுக்குறேன். மத்தவன் ஓடிப் போ.”

பரீட்சை

புதன்கிழமை நானா இரவல் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனோம். அவர் உடம்புக்குத் தைத்தது. எனக்குள் இன்னொருத்தன் இருக்க இடமிருந்தது.

ஆ ஹெங் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லி மனிதர், சலவை மடிப்புக் கலையாத உடுப்பு. காலையெல்லாம் வேலை வாங்கினார். ஆரோக்கியம் மேசை விரித்ததில் ஒரு சுருக்கம் இல்லை. வேலு ஐஸ் பாளத்தைத் தோளில் தூக்கி வந்ததை ஒரு துரை எழுந்து நின்று பார்த்தார். நான் ஒரு கிளாஸை உடைத்தேன்.

பகலில் பினாங்கிலிருந்து லாரி வந்தது. சனிக்கிழமை வருடாந்திர விருந்துக்கான சரக்கு. பெட்டி பெட்டியாக டின்கள். ஆ ஹெங் பெட்டிகளை உடைத்து டின்களை ஸ்டோரில் அடுக்கச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார்.

முதல் பெட்டியைத் திறந்தோம். பீச்சஸ், சாசேஜ், வெண்ணெய், சீஸ், சார்டின். ஒன்றிலும் ஓட்டை இல்லை.

வேலு என் காதில் வந்து சொன்னான். “குத்தலியே.”

“கடைக்காரன் மறந்துட்டான் போல.”

“வெளிய பாரு.”

வராந்தாவில் அந்த இன்ஸ்பெக்டர் செக்ரட்டரி துரையோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டை போடாத இத்தனை டின்னோடு என்னை அவர் கண்டால்? நாங்கள் தலைவரைப் பார்த்தோம். ஆரோக்கியம் யோசித்தான்.

“துரைமாருக்கு வேற சட்டம் இருக்குமோ” என்றேன்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா. நல்ல மேனேஜர்னா சொல்றதுக்கு முன்னாடியே செய்யணும். குத்துங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெட்டியில் பிடுங்கிய ஆணியும் அம்மிக் குழவியும் கிடைத்தன. மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஆரோக்கியம் டின்னை நிமிர்த்தி வைப்பான், வேலு குத்துவான், நான் வழிவதைத் துடைத்து அடுக்குவேன். மாட்டுப் படம் போட்ட இறைச்சி டின்னை மட்டும் வேலு கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். அவ்வளவு ஒழுங்காக நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசிப் பெட்டி முடிகிற நேரத்தில் ஆ ஹெங் வந்தார். ஒரு பீச்சஸ் டின்னை எடுத்தார். பாகு அவர் சட்டைக் கைக்குள் ஓடியது. இன்னொன்றை எடுத்தார். பிறகு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணு கூட விட்டு வைக்கலியா?” என்று மலாயில் கேட்டார்.

“இல்ல தவுக்கே” என்றான் ஆரோக்கியம் பெருமையோடு.

பந்தி

செக்ரட்டரி துரை வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் அங்கே கேட்டோம். இங்கே எழுத முடியாது. பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு டின்னைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்த்தார்.

“கிளப்புக்கு வர்ற சரக்குக்கு இது வேண்டியதில்லை. ஆனா ஓட்டை ரொம்ப நல்லாப் போட்டிருக்கான்” என்றார்.

அந்த வெயிலில் சனிக்கிழமை வரை அந்த டின்கள் தாங்காது. ஐஸ் பெட்டியில் கால்வாசி கூடக் கொள்ளாது. சாப்பாட்டுச் சாமானை வெளியே கொண்டுபோக போலீஸ் விடாது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆக, சனிக்கிழமை விருந்தை அந்தப் பகலிலேயே சாப்பிட்டு முடிப்பதைத் தவிர வழியில்லை. துரை டெலிபோனைச் சுழற்றி ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டுக் கத்தினார்.

துரைமார் வந்தார்கள். இரும்புத் தகடு அடித்த கார்களில், செம்மண் புழுதியோடு, சில பேர் பெண்சாதியோடு. துப்பாக்கிகளை வாங்கி வைத்த வேலு, மூட்டை கட்டுகிற பழக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டான்.

மேசை போதவில்லை. தட்டு போதவில்லை. ஆ ஹெங்குக்குக் கை ஓடவில்லை; நாலு பேருக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஒரு பரிசாரகன் என்று பழகியவர். ஆரோக்கியம் கத்தியை எந்தப் பக்கம் வைப்பது என்று அளந்துகொண்டிருந்தான். மாதக் கடைசி என் கண் முன்னால் நின்றது.

“ரெண்டு பந்தியாப் போடுவோம்” என்றேன்.

லயத்துக் கல்யாணங்களில் நான் சாப்பிட்டதைவிடப் பரிமாறியது அதிகம். அழைக்காத வீட்டில் வாளியைத் தூக்கினால் யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள். கடைசியில் சாப்பாடு கிடைக்கும். மேசைகளை வராந்தா நீளத்துக்கு இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் நாற்காலி வைத்தோம். துரைமார் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். பரிமாற வேண்டியது எல்லாம் வாளியில். வேலு சாசேஜ் வாளி. நான் பீச்சஸ் வாளி. ஆரோக்கியம், தலைவர் என்ற முறையில், வெண்ணெய்.

ஒரு துரை கத்தியையும் முள்ளையும் சேர்த்து வைத்தார். ஆரோக்கியம் தட்டை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் வேலு இன்னும் மூன்று சாசேஜை வைத்துவிட்டான். துரை கையால் தட்டை மறைத்தார். பந்தியில் கையால் மறைப்பது மரியாதைக்கு. அதை நம்பி விட்டுவிட்டுப் போகிறவன் பரிமாறத் தெரியாதவன். விரலிடுக்கு வழியாக நான் இரண்டு பீச்சஸை நழுவவிட்டேன்.

“சாப்பிடுங்க துரை. வெக்கப்படாதீங்க.”

ஒரு துரைசானி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வரிசை முழுவதும் ஓடியது. செக்ரட்டரி துரையே என்னை விரலால் கூப்பிட்டார். “டேய், இங்க ஊத்துடா.”

முதல் பந்தி எழுந்ததும் இரண்டாவதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் தோட்டக்காரர்களும் லாரிக்காரரும் உட்கார்ந்தார்கள். ஆ ஹெங் சொல்லியனுப்பி முட்டை கொண்டுவந்த காதர் நானாவையும் பிடித்து உட்கார வைத்தோம். இன்ஸ்பெக்டர் பக்கத்தில், மீன் மட்டும் வரும் கோடியில். நானா டின்னை வாங்கிப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சார்டினைத் தொட்டார். பிறகு கால்மேல் கால் போட்டார்.

“தம்பி, சோடாவுல ஐஸ் எங்கே?”

“இதோ நானா.”

“கேட்டாத்தான் வருமா? என்ன கிளப்பு இது. மேனேஜரக் கூப்பிடு.”

செக்ரட்டரி துரை திரும்பிப் பார்த்தார். “யாருடா இவன்? மெம்பர் மாதிரியே பேசுறான்.”

தேர்வு

வெயில் இறங்கும்போது ஒரு டின் மீதியில்லை. துரைமார் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு கார்களில் ஏறினார்கள். வேலு கட்டின முடிச்சை அவிழ்க்க முடியாமல் கயிற்றை அறுத்துத்தான் துப்பாக்கிகளை எடுத்தார்கள்.

செக்ரட்டரி துரை சாய்வு நாற்காலியில் சரிந்து கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது. ஆ ஹெங்கைக் கூப்பிட்டார்.

“உன் ஆளு. நீயே சொல்லு. எவன் வேணும்?”

ஆ ஹெங் எங்கள் மூவருக்கும் முன்னால் நடந்தார். ஆரோக்கியம் முன்னால் நின்றார். நகர்ந்தார். வேலுவை அண்ணாந்து பார்த்தார். நகர்ந்தார். என் சட்டையில் பாகு, எண்ணெய், சாசேஜ் தண்ணீர் எல்லாம் இருந்தன. என்னைக் காட்டி, “இவன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் என் அட்டையை வாங்கினார். விலாசம் என்ன என்று கேட்டார். நான் ஆ ஹெங்கைப் பார்த்தேன். அவர் பின்கட்டு அறையைக் கை காட்டினார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆரோக்கியம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனான். வேலுவுக்கு வருத்தமா என்று கேட்டேன். அவன் பதில் எனக்குக் கேட்கவில்லை.

அன்று பின்கட்டுக் குழாயடியில் ஆ ஹெங் தட்டு கழுவ, நான் துடைத்தேன். பந்தி ஞாபகத்தில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது. ஒரு வார்த்தை பாராட்டாவது வாங்கிவிட வேண்டும் என்று, “தவுக்கே, ஏன் என்னை எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“உயரமானவன துரைமாருக்குப் பிடிச்சிருக்கு. இங்கிலீஷ் படிச்சவன் புத்திசாலி, ஆறு மாசத்துல என் இடத்துல உட்கார்ந்திடுவான்.” ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். “நீ இருக்குற வரைக்கும் என்னை யாரும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க.”

அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் அங்கே இருந்த வரைக்கும் அவரை அனுப்புவது பற்றி எந்தத் துரையும் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பின்கட்டு அறையில் எனக்கென்று ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். அதை நான் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

தட்டைத் துடைத்து அடுக்கினேன். அது கை நழுவி விழுந்தது. ஆ ஹெங் திரும்பி உடைந்த துண்டுகளைப் பார்த்தார். அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.